சாணி வளையம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இயற்கை அன்னையின் ஒப்பற்ற கொடையாகிய இப்புல்வெளி, மனித குலம் உள்ளளவும் கண்ணை இமை காப்பது போல் காக்கப்படும். இன்று முதல் மாடு, ஆடு, குதிரை, கழுதை மற்றும் இவை போன்ற எவ்வுயிரும் இதனுள் அடியெடுத்து வைக்கலாகாது. மீறினால் கடும் நடவடிக்கை பாயும்.

இதைத் தட்டச்சு செய்தவன் நான். ‘இவை போன்ற எவ்வுயிரும்’ என்பதில் எங்கள் அதிகாரியும் அடங்குவாரா என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதைக் கேட்கக் கூடாது என்பது நன்றாகத் தெரியும்.

புல்வெளிப் பாதுகாப்பு அலுவலகம் என்பது மூன்று அறை, ஒரு ஜீப், இரண்டு பீரோ, ஒரு காவலாளி. என் மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே இருபதடி தள்ளிக் கம்பிவேலி, அதில் ஒரு இரும்புக் கேட், கேட்டுக்குப் பக்கத்தில் தடித்த மரக்கால்களில் மேற்படி அறிவிப்புப் பலகை. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல். அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘திட்டம்’. தும்மல் வந்தால்கூட முன்னோட்டம், செயலாக்கம், மதிப்பீடு என்று மூன்று கட்டமாகத் தும்முகிற மனிதர்.

இத்தனை ஏற்பாடும் ஒரு பறவைக்காக. புறா அளவு இருக்கும். காய்ந்த புல் நிறம். தரையில் முட்டையிடும். எங்கள் கோப்புகளில் அதன் பெயர் ஒரு வரி நீளம், வாய்விட்டுப் படித்தால் பல் சுளுக்கும். மாட்டுக்காரர்கள் அதைக் குனிஞ்சான் என்பார்கள். தலைக்கு மேல் நிழல் பட்டால் ஓடாது, பறக்காது, குனிந்து தரையோடு தரையாகிவிடும். உலகத்தில் இது மிச்சமிருக்கிற நாலைந்து இடங்களில் எங்கள் புல்வெளியும் ஒன்று.

மூன்று வருஷத்துக்கு முன் பறவை டாக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து, வெயிலில் கருகி, முப்பத்தேழு கூடுகளை எண்ணினார். அவற்றில் இருபத்து மூன்று கூடுகளைச் சுற்றி யாரோ ஈரச் சாணியை வளையமாகப் பூசியிருந்தார்கள். அதைப் படமெடுத்தும் கொடுத்தார். திட்டம் அந்தப் படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“பாத்தீங்களா? அரிய வகைப் பறவை. அதோட கூட்டச் சுத்தி அசிங்கம் பண்ணி வெச்சிருக்காங்க! இது நாசவேலை.”

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். பிறகு அறிக்கை தயாரானது. பறவை டாக்டர் கொடுத்த அட்டவணையில் ஏழு பத்திகள். ஆறு பத்திகள் பக்கத்தில் அடங்கின. ஏழாவது ஓரத்தைத் தாண்டிக்கொண்டு நின்றது.

“கடைசிப் பத்திய எடுத்துடுங்க. பக்கம் பாக்க லட்சணமா இருக்கணும்,” என்றார் திட்டம்.

எடுத்துவிட்டேன். பக்கம் லட்சணமாக வந்தது. அந்த லட்சணமான பக்கத்தை வைத்துத்தான் மேய்ச்சல் தடை, வேலி, பூட்டு, பலகை எல்லாம் வந்தன. பறவை டாக்டர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். அச்சான அறிக்கையைப் பார்த்து அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் ‘பரிசீலனையில்’ என்ற கோப்புக்குள் போயின. அந்தக் கோப்புக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததாக அலுவலக வரலாற்றில் இல்லை.

வேலி போட்ட முதல் வருஷம் கூடுகள் பன்னிரண்டு. அடுத்த வருஷம் மூன்று. இந்த வருஷம், மறுபடி எண்ண வந்த பறவை டாக்டர் ஒரு மாதம் அலைந்துவிட்டு வந்து, என் மேசைமீது நோட்டுப் புத்தகத்தை விரித்துப் போட்டார். பக்கம் முழுக்கப் பூஜ்யம். புல் மட்டும் இடுப்பளவு வளர்ந்து, தன்மேல் தானே சாய்ந்து, மக்கிக் கிடந்தது.

“பறவைகள் தற்காலிக இடமாற்றத் திட்டத்தில இருக்கு,” என்றார் திட்டம். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. பத்து வாரத்தில் வெளியிலிருந்து நிபுணர் குழு வருகிறது. புல்வெளியை நிரந்தரமாக மூடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மூடச் சொல்லிக் கேட்கிறவர், எதற்காக மூடச் சொல்கிறாரோ அதில் ஒன்றையாவது காட்டியாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுக்காரம்மா வந்தாள்.

நாற்பத்தைந்து வயசு இருக்கும். வாசலில் காவலாளி அவள் கம்பை வாங்கி வைத்துக்கொண்டான். “அலுவலகத்துக்குள்ள ஆயுதம் கூடாதும்மா.”

“பத்திரமா வெச்சுக்கப்பா. அத விட்டா எங்கிட்ட வேற படை இல்ல,” என்று சொல்லிவிட்டு நேராகத் திட்டத்தின் அறைக்குள் போனாள். மனுவைப் பதிவு செய்ய நோட்டுடன் நானும் போனேன். பறவை டாக்டர் அங்கேதான் பூஜ்யங்களுடன் உட்கார்ந்திருந்தார்.

“நாப்பத்தியோரு மாடு சார். மூணு வருஷமா ரோட்டோரத்துல மேயுது. எலும்பு தெரியுது. வெள்ளிக்கிழமை லாரி வருது. என் கொழுந்தன் பேசி முடிச்சுட்டான். ஏத்தினா அதுங்க திரும்ப வராது. வேலியத் தொறந்தீங்கன்னா ஏத்த மாட்டேன். இதுதான் என் மனு.”

“அம்மா, இது மாட்டுத் தொழுவம் இல்ல. உயிர்ச்சூழல் மண்டலம்.”

“சரிங்க. அந்த மண்டலத்துல குனிஞ்சான் இருக்கா?”

திட்டம் தேநீர் டம்ளரை எடுத்தார். காலி. இருந்தும் ஒரு வாய் குடித்தார்.

“இருக்காது சார். இந்தப் புல்லுக்குள்ள அது எப்படி நடக்கும்? அதோட காலு என் சுண்டுவிரல் நீளம். பாம்பு வந்தாத் தெரிய வேணாமா? மாடு கடிச்சு விட்ட இடத்துலதான் அது உக்காரும்.”

“உங்க ஆளுங்க அத எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?” திட்டம் திரும்பி, நாற்காலிக்குப் பின்னால் இருந்த படத்தைக் காட்டினார். “இதப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க.”

அவள் கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள். மூன்று முட்டைகள். சுற்றி ஒரு முழம் தள்ளிச் சாணி வளையம். பூசிய விரல்களின் தடம் அதில் தெளிவாக இருந்தது. அவள் தன் வலது கையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நடுவிரலில் பாதி இல்லை. ஏதோ ஒரு மாடு கயிற்றோடு இழுத்தபோது போனதாம். நான் எழுந்து நின்று பார்த்தேன். வளையம் நெடுக மூன்று நீளக் கோடுகள், நடுவே ஒன்று குட்டை.

“இது என் கை சார்.”

“ஒத்துக்கிட்டாங்க!” திட்டம் மேசையைத் தட்டினார். “எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க!”

பேனாவைத் திறந்தேன்.

“எழுதுங்க சார், நல்லா எழுதுங்க,” என்றாள் அவள். “மாடு தன் சாணி பக்கத்துல மேயாது. மூக்குல வாடை பட்டதும் ஒதுங்கிடும். நீங்க எச்சித் தட்டுல சாப்பிடுவீங்களா? அதுமாதிரி. கூட்டச் சுத்திப் பூசி வெச்சா, அந்த வட்டத்துக்குள்ள ஒரு பிடி புல்லு கடிபடாம நிக்கும். அது பறவைக்கு மறைப்பு. மேயற மாட்டுக்கு மூக்கு போற வழிதான் காலு. அதனால மிதிக்கவும் மிதிக்காது. சாணி காஞ்சா வாடை போயிடும், நாலு நாளைக்கு ஒரு தடவ புதுசா வெக்கணும். வெயில் ஏறினதும் பறவை ஒரு தடவ தண்ணிக்குப் போகும். அப்ப வெக்கணும்.”

“உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்றார் பறவை டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது.

“பாம்பப் பாத்தா முதல்ல கத்துறது அதுதான் டாக்டரம்மா. அது இல்லாத இந்த மூணு வருஷத்துல ரெண்டு கன்னு போச்சு. பாசத்துல பண்றேன்னு நெனச்சீங்களா?”

எனக்கு அந்த ஏழாவது பத்தி ஞாபகம் வந்தது. என் மேசைக்குப் போய், மூன்றாவது இழுப்பறையில், எலி கடித்த உறைக்குள் இருந்த பழைய தாளை எடுத்து வந்தேன். ஏழாவது பத்தியோடு இருந்த மூல அட்டவணை. எதையும் தூக்கி எறியாத கெட்ட பழக்கம் குமாஸ்தாக்களுக்கு உண்டு. ஏழாவது பத்தியின் தலைப்பு: ‘குஞ்சு பொரித்ததா?’

நின்றுகொண்டே படித்தேன். வளையம் இருந்த கூடுகள் இருபத்து மூன்று. பொரித்தவை இருபது. வளையம் இல்லாதவை பதினாலு. பொரித்தவை இரண்டு.

மூன்று வருஷம் அந்தத் தாள் என் முழங்காலுக்கு நேரே கிடந்திருக்கிறது.

“அந்தப் பதினாலு எங்க இருந்துச்சு?” என்று மாட்டுக்காரம்மா கேட்டாள். “மேக்கால பள்ளத்துலயா? அங்க வேற ஆளு மாடு. அவனுக்கு இடுப்புப் பிடிப்பு, பாவம்.”

திட்டம் எழுந்து படத்தின் சட்டத்தை நேராக்கினார். அவர் இன்னும் ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய நிலையில்தான் இருந்தார். பறவை டாக்டர்தான் மெல்லக் கேட்டார்: “சார், குழு வந்து பறவை எங்கன்னு கேட்டா எதக் காட்டுவீங்க? இந்தப் போட்டோவையா?”

“இத... ஒரு முன்னோட்டத் திட்டமாப் பண்ணலாம்,” என்றார் திட்டம். “கிழக்கு மூலை மட்டும். குழு வர்ற வரைக்கும். பறவை வரலன்னா, கேட் மறுபடி மூடும். அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது.”

வெள்ளிக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே நாற்பத்தொரு மாடும், அவற்றுக்குப் பின்னால் லாரியும் நின்றன. லாரியிலிருந்து கொழுந்தன் இறங்கி வந்தான்.

“அண்ணி, பத்து வாரத்துக்கு மாட்ட உள்ள விடுறீங்க, சரி. பறவைக்குத் தாக்கல் சொல்லியாச்சா? பஸ் பிடிச்சு வருமா?”

“வரும் தம்பி. உன்ன மாதிரி தூங்கி வழியாது.”

“குழு வர்ற அன்னிக்கு லாரி இதே எடத்துல நிக்கும். அவங்க வேணாம்னு சொன்னா நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது.”

“சரி. விடலாம்னு சொன்னா நீ ஒரு வார்த்த பேசக் கூடாது. உனக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம்.”

பூட்டு திறக்கவில்லை. மூன்று வருஷத் துரு. காவலாளி சாவியைத் திருகி, எண்ணெய் விட்டு, கெஞ்சி, திட்டிப் பார்த்தான். கடைசியில் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே கம்பியை வெட்டிச் சுருட்டினோம். தலைச்சி என்று அவள் கூப்பிடுகிற கிழப்பசு முதலில் உள்ளே கால் வைத்து நின்றது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. பிறகு நாக்கைச் சுழற்றி ஒரு பிடி புல்லைப் பிடுங்கியது. பின்னாலேயே நாற்பது நாக்குகள். துணிக்கடையில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் துணி கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் நான் அன்று ஒரு கடிதமும் தட்டச்சு செய்யவில்லை.

மாட்டை மேய விடுவது என்றால், விட்டுவிட்டு மரத்தடியில் படுப்பது என்றுதான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவரை நினைத்திருந்தேன். அவள் ஒரே இடத்தில் இரண்டு நாள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் தன் கணுக்காலை வைத்துப் புல்லை அளந்தாள். முட்டைக்கு இவ்வளவு. பத்தடி தள்ளி முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு விட வேண்டும், குஞ்சு ஓடி ஒளிய. தண்ணீர்ப் பக்கம் காலையில் போகக் கூடாது, மாலையில் போகலாம். இதையெல்லாம் அவள் எங்கும் எழுதவில்லை. மாடுகளிடம் கத்தவும் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘த்ளோ’ என்று ஒரு ஒலி. அதற்கு நாற்பத்தொரு தலை திரும்பும். எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கைக்கு நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்க முடிந்ததில்லை.

சாணி விழுந்த இடமெல்லாம் வண்டு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூன்று வருஷமாக ஒரு வண்டைக்கூட நான் பார்த்ததில்லை.

நாலாவது வாரம், அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து கம்பால் கம்பியைத் தட்டினாள்.

“வந்துடுச்சு சார்.”

செருப்பைக் கழற்றச் சொன்னாள். அவள் மிதித்த இடத்திலேயே மிதித்து நடந்தேன். ஓரிடத்தில் நின்று, முகவாயால் காட்டினாள். மேய்ந்த புல், கொஞ்சம் சருகு, ஒரு சின்ன மேடு.

“எங்க?”

“பாத்துக்கிட்டே இருக்கீங்களே சார்.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் கழுத்தில் சுட்டது. அப்போது அந்தச் சருகு ஒரு தடவை கண் சிமிட்டியது.

என் பெருவிரலிலிருந்து இரண்டடி. மஞ்சள் வளையமிட்ட ஒரு கண். அதைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு கழுத்து, ஒரு முதுகு, மடித்த ஒரு சிறகு என்று பறவை ஒன்று சருகிலிருந்து உண்டாகி வந்தது. அது அங்கேயே இருந்திருக்கிறது. என் கண்தான் அங்கே வந்து சேர இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. கோப்பில் ஆயிரம் தடவை அதன் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக அது என்னைப் பார்த்தது.

குழு வருவதற்குள் பதினோரு கூடுகள். திட்டத்துக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் குழு பார்ப்பதற்கு வசதியாகச் சிவப்புக் கொடி நடச் சொன்னார். முதல் கொடி நட்ட அன்றே மாட்டுக்காரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

“காக்காய்க்கு விருந்துன்னு பலகை வெக்கிறீங்களா சார்?”

கொடித் திட்டம் கைவிடப்பட்டது.

குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. கேட்டுக்கு வெளியே லாரி, அதன்மேல் சாய்ந்துகொண்டு கொழுந்தன். திட்டம் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று இருபது நிமிஷம் பேசினார். “ஒருங்கிணைந்த” என்ற சொல் பதினேழு தடவை வந்தது. குழுத் தலைவர் வெள்ளைத் தாடி வைத்த ஒல்லி மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மாடு கூட்ட மிதிக்காதுங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்?”

திட்டம் வாயைத் திறந்தார். அதற்குள் மாட்டுக்காரம்மா, “அங்க நில்லுங்க. அசையாதீங்க,” என்றாள். ஐந்து தொப்பியும் அசையவில்லை. எங்களுக்கு எதிரே பதினைந்தடியில் ஒரு கூடு. குனிஞ்சான் முட்டைமேல் இருந்தது. காலையில் வைத்த வளையம் இன்னும் பளபளத்தது. மறுகோடியில் நின்ற மந்தையை நோக்கி அவள் ‘த்ளோ’ என்றாள்.

நாற்பத்தொரு மாடுகள் மேய்ந்துகொண்டே வந்தன. அகலமாக, அவசரமில்லாமல், கூட்டுக்கு நேராக. தலைச்சி முன்னால். பிடுங்கு, மெல்லு, ஓர் அடி. பிடுங்கு, மெல்லு, ஓர் அடி. முப்பதடி. இருபதடி. என் பக்கத்தில் பறவை டாக்டர் தன் முழங்கையைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். திட்டம் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டார். ஒரே ஒரு குளம்பு தப்பினால் போதும், எல்லாம் முடிந்தது. மாட்டுக்காரம்மா மாடுகளைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

தலைச்சியின் மூக்கு வளையத்துக்கு மேலே வந்தது. நின்றது. அதன் மூச்சில் கூட்டருகே புல் நுனிகள் சாய்ந்து நிமிர்ந்தன. குனிஞ்சான் தரையோடு தரையானது. பசுவின் தலை, அந்தப் பறவையைப் போல நாற்பது மடங்கு பெரிய தலை, ஒரு முழத் தூரத்தில், நிழலாக அதன்மேல் கவிந்து நின்றது. ஒரு நொடி. இரண்டு. பிறகு தலைச்சி ‘ப்ஃபூ’ என்று ஊதிவிட்டு, கழுத்தை இடப்பக்கம் திருப்பிற்று. கழுத்துக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் வயிறு, பின்னங்கால். குளம்பு வளையத்துக்கு வெளியே, நாலு விரல் தள்ளி இறங்கியது.

அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் அப்படியே. மூக்கு வந்தது, ஊதியது, விலகியது. சில வலமாக, சில இடமாக. நாற்பத்தொரு தடவை. நூற்று அறுபத்து நாலு குளம்புகளுக்கு நடுவே அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. சுற்றி நாவிதர் மழித்த மாதிரி புல் குறைந்துகொண்டே போனது, நடுவில் மட்டும் ஒரு பச்சைக் கிண்ணம் மிஞ்சியது.

மந்தை கடந்து போன பின் குனிஞ்சான் எழுந்தது. இரண்டடி நடந்தது. வளையத்துச் சாணியிலிருந்து ஒரு வண்டைக் கொத்தி விழுங்கிவிட்டு, திரும்பிப் போய் முட்டைகளின் மேல் தன்னைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது.

ஐந்து பேருடைய தொலைநோக்கியும் கழுத்தில் சும்மா தொங்கின. தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. திட்டத்துக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை நான் கிண்டல் செய்யாமல் விட்டது அந்த ஐந்து நிமிஷம்தான்.

“இந்த மாடுகள யாரு பழக்குனது?” என்றார் தாடிக்காரர் கடைசியில், கிசுகிசுப்பாக.

“யாரும் பழக்கல. அதுங்களுக்குத் தெரியும். அதுங்களுக்குத் தெரியும்கிறது எங்களுக்குத் தெரியும்,” என்றாள் மாட்டுக்காரம்மா. பிறகு, “என்ன சார், விடலாமா வேணாமா? அங்க லாரி நிக்குது.”

“விடலாம்மா,” என்றார் அவர். “நிரந்தரமா விடலாம்.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ‘கால்நடை வழி ஒருங்கிணைந்த வாழிட மேலாண்மைத் திட்டம்’ என்று நூற்று நாற்பது பக்க அறிக்கை வந்தது. அட்டைப் படத்தில் அதிகாரி. இந்தத் தடவை அட்டவணையில் ஏழு பத்தியும் இருந்தன. தாளைக் குறுக்குவாட்டில் திருப்பினால் அடங்கும் என்பதை நான் கண்டுபிடித்தேன். சாணி என்ற சொல் எங்கும் வரவில்லை. ‘வட்டவடிவ உயிர்மத் தடுப்பு’ என்றிருந்தது. அதைக் கொள்முதல் செய்ய ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். யாரும் கலந்துகொள்ளவில்லை.

கேட்டின் பூட்டைத் திறப்பதற்கான உத்தரவு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மாடுகள் வெட்டிய கம்பி வழியாகப் போய் வருகின்றன. அறிவிப்புப் பலகையும் அதே இடத்தில் நிற்கிறது. அதில் அவை முதுகு சொறிந்துகொள்கின்றன.